தணிகைப் படிகள்

டிசம்பர் 31ஆம் தேதி இரவு திருத்தணிக்குப் போகப் போகிறேன் என்று நான் சொன்னபோது வீட்டில் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை. "இந்த வயசிலே, இந்தப் பனியிலே, அந்தக் கூட்டத்திலே!" என்று மூன்று காரணங்களை மூன்று பேர் சொன்னார்கள். மூன்றும் நியாயமான காரணங்கள்தாம். நான் பதில் சொல்லவில்லை. என் பேரன் மட்டும், "நான் துணைக்கு வருகிறேன் தாத்தா" என்றான்.

அவன் வந்ததற்குக் காரணம் பக்தி அல்ல. சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் அவனுக்கு நல்ல உத்தியோகம். நான் ஆயுள் முழுவதும் எழுதிச் சம்பாதித்ததை அவன் சில வருஷங்களில் சம்பாதித்துவிட்டான். ஆனாலும் சில மாதங்களாக அவன் முகத்தில் களை இல்லை. வேலையை விட்டுவிடலாமா என்று யோசிப்பதாக அவன் அம்மா என்னிடம் தனியாகச் சொல்லிக் கவலைப்பட்டாள்.

அரக்கோணம் வழியாகச் செல்லும் மின்சார ரயிலில் ஜன்னல் ஓரம் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு அவன் கேட்டான்: "தாத்தா, உங்கள் காலத்து மனிதர்களுக்கெல்லாம் எதற்காக வாழ்கிறோம் என்று தெரிந்திருந்தது. தேசம், மொழி, சுவாமி, குடும்பம் என்று ஏதோ ஒன்று இருந்தது. எங்களுக்கு மட்டும் ஏன் ஒன்றுமே இல்லை?"

இந்த மாதிரிக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லத் தெரிந்திருந்தால் நான் ஏன் நாவல் எழுதப் போகிறேன்? "போகிற ஊரிலேயே இதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்கிறேன். நீயே கேட்டுக்கொள்" என்றேன்.

சூரனோடும் வேடரோடும் பொருத பிறகு முருகனின் சினம் தணிந்த இடம் என்பதால் அந்த மலைக்குத் தணிகை என்று பெயர் வந்ததாகப் புராணம் சொல்கிறது. ஆறுபடை வீடுகளில் அது ஐந்தாவது. போர்க்கோலம் திருச்செந்தூரில், இங்கே வள்ளியோடு வாழ்கிற கோலம். இந்தக் கோயிலில் இன்னொரு விசேஷம் உண்டு. சந்நிதிக்கு எதிரே உள்ள யானை, வழக்கப்படி சுவாமியைப் பார்த்து நிற்காமல் கிழக்கே வெளியைப் பார்த்து நிற்கிறது. தெய்வயானைக்குச் சீதனமாக ஐராவதத்தைக் கொடுத்த பிறகு இந்திரனுடைய செல்வம் குறைந்ததாம். அதைக் கேட்ட மருமகப் பிள்ளை, யானையை மாமனாரின் திசையைப் பார்த்து நிற்கச் சொன்னாராம். பெண்ணைக் கட்டிக்கொடுத்து, சீரும் செய்து, பிறகு கை வறண்டுபோன மாமனார்களை நம் குடும்பங்களிலேயே பார்த்திருக்கிறோம்; திரும்பிப் பார்த்த மருமகனைப் பார்ப்பதுதான் அரிது.

மலைமேல் இருப்பது முருகன் கோயில். கீழே வீரட்டானேசுவரர் கோயில் என்று ஒரு சிறிய சிவன் கோயில் இருக்கிறது. படியேறப் போகிற கூட்டம் அதன் பக்கம் அவ்வளவாகத் திரும்புவதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், பல்லவ வம்சத்தின் அந்திப் பொழுதில், அபராஜிதவர்மன் காலத்தில் அதைக் கல்லால் எடுப்பித்தவன் நம்பி அப்பி என்பவன். அவனைப் பாராட்டி அரசனே ஒரு வெண்பா பாடினான். அது கல்வெட்டாக அங்கேயே இருக்கிறது. நம்பி அப்பிக்கு எத்தனை பிள்ளைகள், எவ்வளவு நிலம், கடைசிக் காலத்தில் நிம்மதியாக இருந்தானா, இல்லையா என்பதையெல்லாம் அந்த வெண்பா சொல்லவில்லை. அவனைப் பாடிய அரசனோ, கொஞ்ச காலத்துக்குள் ஆதித்த சோழனிடம் நாட்டையும் உயிரையும் இழந்தான். கோயில் நிற்கிறது, பாட்டு நிற்கிறது.

"இதெல்லாம் ராஜாக்கள் கதை தாத்தா" என்றான் பேரன்.

"சரி, உன்னைப் போல ஆபீசுக்குப் போன ஒருவர் கதையைச் சொல்கிறேன்" என்றேன்.

வ. த. சுப்பிரமணிய பிள்ளை நீதிமன்றத்தில் உத்தியோகம் பார்த்தவர். பின்னாளில் ஜில்லா முன்சீபாக உயர்ந்தவர். தணிகை முருகனே அவருக்கு வழிபடு கடவுள். 1871ஆம் ஆண்டில் சிதம்பரம் தீட்சிதர்கள் சம்பந்தமான வழக்கு ஒன்று கோர்ட்டுக்கு வந்தது. தங்கள் பெருமைக்குச் சான்றாகத் தீட்சிதர்கள் அருணகிரிநாதர் பாட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். கோர்ட்டில் இருந்த மற்றவர்களுக்கு அது ஒரு தஸ்தாவேஜு. சுப்பிரமணிய பிள்ளைக்கோ அந்தச் சந்தத்தின் ஓசை காதில் நுழைந்து நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. இப்படிப்பட்ட பாட்டுக்கள் எத்தனை இருக்கும்? எங்கே இருக்கும்?

அருணகிரியார் பதினைந்தாம் நூற்றாண்டினர். விஜயநகரத்துப் பிரபுட தேவராயன் காலத்தவர். பதினாறாயிரம் பாடினார் என்பது மரபு. ஆனால் முன்சீப் தேடத் தொடங்கிய காலத்தில் எல்லாம் சிதறிக் கிடந்தன. ஒரு வீட்டில் சில ஏடுகள், ஒரு மடத்தில் ஒரு கட்டு, ஒரு கிழவரின் தொண்டையில் நாலு பாட்டு. வழக்குகளை விசாரித்த நேரம் போக மிச்சமிருந்த நேரத்தில் அவர் ஊர் ஊராகச் சுவடி தேடினார், பார்த்து எழுதினார், ஒப்பிட்டார். திருப்புகழின் முதற் பாகம் அச்சாகி வெளிவந்த ஆண்டு 1894. கோர்ட்டில் அந்தப் பாட்டைக் கேட்டதற்கும் புத்தகம் கைக்கு வந்ததற்கும் இடையில் 23 வருஷங்கள்! பிறகு இரண்டாம் பாகமும் வந்தது. 1909ஆம் ஆண்டில் அவர் காலமானார். இன்று நமக்குக் கிடைத்திருக்கும் பாட்டுக்கள் ஏறக்குறைய 1,300. அந்த ஒரு மனிதர் அன்று அந்தக் கோர்ட்டில் கொட்டாவி விட்டிருந்தால் அவற்றில் எத்தனை கரையானுக்குப் போயிருக்குமோ, யார் கண்டது?

தம் மகனுக்கு அவர் தணிகை முருகனின் பெயரையே வைத்தார்: செங்கல்வராயன். மலையில் ஒரு சுனை. அதில் பூத்த செங்கழுநீரை உகந்ததால் முருகனுக்கு வந்த பெயர் அது. 1883இல் பிறந்த அந்தப் பையனுக்குத் திருப்புகழ் முதற் பாகம் வெளிவந்தபோது பதினோரு வயது. வ. சு. செங்கல்வராய பிள்ளை எம். ஏ. படித்தார், பதிவுத் துறையில் உத்தியோகம் பார்த்தார். தகப்பனார் சேர்த்து வைத்த பாட்டுக்களுக்கு உரை எழுதினார். தேவாரத்தில் எந்தச் சொல், எந்தச் செய்தி எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்க உதவும் 'தேவார ஒளிநெறி'யையும் ஆக்கினார். 'தணிகைமணி' என்றே தமிழ் உலகம் அவரை அழைத்தது. மறையும் வரையில் அந்த வேலை தீரவில்லை.

"பார்த்தாயா? அப்பா தேடினார், மகன் விளக்கினார். அப்பா செய்ததையே மகனும் செய்யவில்லை. அப்பா நிறுத்திய இடத்திலிருந்து அடுத்த வேலையைச் செய்தார்" என்றேன்.

பேரன் விடவில்லை. வக்கீலாகப் போக வேண்டியவன் தவறிக் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டான் போலும். "அவருக்கு அப்பா ஆயத்தமாக ஒரு லட்சியத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். அப்படி ஒன்றும் கிடைக்காதவன் என்ன செய்வான்?"

ரயில் திருத்தணியில் வந்து நின்றது. படிக்கட்டின் அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு நெடுநேரம் ஆகியிருந்தது. மலைக்குக் கார்கள் போக நல்ல பாதை இருக்கிறது. அன்றைக்கோ படிக்கட்டில்தான் கூட்டம். மொத்தம் 365 படிகள். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூப் போட்டு, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடிவிட்டு அடுத்த படிக்கு ஏறுகிறார்கள். இதற்குப் படித் திருவிழா என்று பெயர். இதைத் தொடங்கி வைத்தவர்தாம் பேரன் கேட்ட கேள்விக்குப் பதில்.

அர்த்தநாரி என்ற ஒரு சமையற்காரர், கொங்கு நாட்டில் 1870இல் பிறந்தவர். மைசூர் அரண்மனையில் சமையல் வேலை. பள்ளிக்கூடப் படிப்புக் கிடையாது. தீராத வயிற்று வலி ஒன்று மட்டும் இருந்தது. 1908ஆம் ஆண்டில் பழநிக்குப் போய்த் தங்கினார். நோய் தீர்ந்தது. அங்கே நாட்டியமாடிய பெண் ஒருத்தி பாடிய திருப்புகழ் அவர் காதில் விழுந்தது. அவ்வளவுதான். முன்சீபுக்குக் கோர்ட்டில் நேர்ந்தது, சமையற்காரருக்குக் கோயிலில் நேர்ந்தது. நாற்பது வயதை நெருங்கிய அந்த மனிதர், எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டு திருப்புகழைப் பாடமாக்கினார் என்று சொல்லுவார்கள். திருவண்ணாமலையில் ரமணரைத் தரிசித்தார். சேஷாத்திரி சுவாமிகள் அவரை வள்ளிமலைக்குப் போகச் சொன்னார். வள்ளி பிறந்த அந்த மலையில் வாழ்ந்து, வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் என்று பெயர் பெற்றார்.

அந்த நாளில் ஜனவரி முதல் தேதி என்றால் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் பழமும் மாலையும் ஏந்தி வெள்ளைக்காரத் துரைகளின் பங்களா வாசலில் காத்திருப்பார்கள். துரை வந்து எட்டிப் பார்த்தால் அந்த வருஷம் நல்ல வருஷம். இதைப் பார்த்து சுவாமிகளின் மனம் நொந்தது. துரைகளுக்கெல்லாம் பெரிய துரை தணிகை மலைமேல் இருக்கும்போது இந்தத் துரையிடம் ஏன் போக வேண்டும் என்று கேட்டார். 1917ஆம் ஆண்டு முடிகிற இரவில், அடியார்களைக் கூட்டிக்கொண்டு படிக்குப் படி பாடி ஏறினார். கூட்டம் போட்டுப் பேசாமல், யாரையும் வையாமல், குனிந்த முதுகுகளை வேறு பக்கம் திருப்பிவிட்ட காரியம் அது! துரைகள் 1947இல் கப்பலேறிவிட்டார்கள். சுவாமிகள் 1950இல் சமாதி அடைந்தார். படித் திருவிழா நிற்கவில்லை.

முன்சீப் தம் புத்தகத்தை அச்சிட்டபோது, ஒரு சமையற்காரர் திருப்புகழைத் தெருத் தெருவாகக் கொண்டுபோவார் என்று நினைத்திருக்க மாட்டார். ஏட்டில் இருந்ததை அச்சுக்குக் கொண்டுவந்தது ஒரு தலைமுறை. ஊரார் வாய்க்குக் கொண்டுவந்தது இன்னொரு தலைமுறை. யாரும் யாருக்கும் உயில் எழுதி வைக்கவில்லை.

"எனக்கு அந்த அளவுக்குப் பக்தி இல்லையே தாத்தா?" என்றான் பேரன், ஒரு படியில் என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டபடி.

"சுவாமியே வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இதே ஊரில் 1888இல் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்த பிள்ளையைக் கேள்" என்றேன்.

சர்வபள்ளி ராதாகிருஷ்ணனுடைய தகப்பனார் ஜமீன் வருவாய்த் துறையில் சிறிய உத்தியோகஸ்தர். பையன் திருத்தணியிலும், பிறகு திருப்பதியிலும் வேலூரிலும் படித்துவிட்டுச் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனான். எந்தப் பாடத்தை எடுப்பது? உறவுக்காரப் பையன் ஒருவன் தான் படித்து முடித்த தத்துவப் புத்தகங்களை இவனுக்குக் கொடுத்தான். புத்தகம் வாங்கும் செலவு மிச்சம்! அதனால் தத்துவம் என்று தீர்ந்தது. பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக இருந்து கீழ்நாட்டுத் தத்துவத்தை மேல்நாட்டாருக்குச் சொன்னவர், 1962இல் குடியரசுத் தலைவரானவர், அந்தத் துறைக்குள் நுழைந்தது பழைய புத்தகத்தின் வழியாக! லட்சியம் என்பது இளம் வயதிலேயே நெற்றியில் எழுதியிருக்கும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வந்த வழி சாதாரணமானதுதான். வந்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது. ஜனாதிபதியான பிறகு பிறந்தநாளைக் கொண்டாட வந்தவர்களிடம், ஆசிரியர் தினமாகக் கொண்டாடுங்கள் என்றாராம். உயர்ந்த பதவியில் உட்கார்ந்த பிறகும் தாம் யார் என்பது அவருக்கு நினைவிருந்தது.

இருநூறு படிக்கு மேல் எனக்கு மூச்சு வாங்கியது. ஓரமாக உட்கார்ந்தோம். கீழே ஊரின் விளக்குகள் தெரிந்தன. அந்த விளக்குகளில் எது தமிழ் வீட்டு விளக்கு, எது தெலுங்கு வீட்டு விளக்கு என்று மேலிருந்து பார்த்தால் தெரியவில்லை.

ஆனால் ஒரு காலத்தில் அது பெரிய கேள்வியாக இருந்தது. 1911இல் சித்தூர் ஜில்லாவைப் புதிதாகப் பிரித்தபோது திருத்தணி அதில் சேர்ந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூரோடு திருத்தணியும் ஆந்திரத்துக்குப் போயிற்று. அதற்கு வெகு நாள் முன்பே, மங்கலங்கிழார் என்ற தமிழாசிரியர் இந்த வட்டாரத்தில் ஊர் ஊராகச் சென்று, காசு வாங்காமல் தமிழ் கற்றுக் கொடுத்தார். சிறுவர்கள், பெரியவர்கள், எழுத்தறியாதவர்கள் எல்லாருக்கும் அவர் வகுப்பில் இடம் உண்டு. பின்னர் வடக்கெல்லைப் போராட்டம் எழுந்தது. அச்சுக் கோப்பவராக வாழ்க்கையைத் தொடங்கிய ம. பொ. சிவஞானம் தமிழரசுக் கழகத்தோடு முன்னின்றார். திருப்பதி கிடைக்காது என்று ஆனபின் திருத்தணியையாவது மீட்போம் என்று போராடினார்கள். பலர் சிறை சென்றார்கள். மத்தியஸ்தராக வந்த படாஸ்கர் 1957இல் தம் முடிவைச் சொன்னார். 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு ஈடாகச் சில பகுதிகள் ஆந்திரத்துக்குச் சென்றன. மங்கலங்கிழார் 1953ஆம் ஆண்டே காலமாகிவிட்டார். தாம் உழைத்த மண் எந்தப் பக்கம் சேர்ந்தது என்பது அவருக்குத் தெரியாது.

"அதுதான் எனக்குப் பயம் தாத்தா. அவ்வளவும் செய்துவிட்டுப் பலனைப் பார்க்காமல் போவது..." என்றான் பேரன்.

நான் அவனுக்கு எளிதாக ஆறுதல் சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. பலனைப் பார்க்காமல் போவது துக்கம்தான். ஆனால் மங்கலங்கிழார் எல்லைக்கோட்டுக்காக மட்டும் காத்திருந்தவர் அல்லர். அன்றாடம் மாலையில் எதிரே உட்கார்ந்திருந்தவன் அன்றைக்கு ஓர் எழுத்துக் கற்றுக்கொண்டு எழுந்து போனான். அந்தச் சந்தோஷம் அன்றைக்கே அவருக்குக் கிடைத்துவிட்டது. அதை யாரும் கடனாக வைத்திருக்கவில்லை. முன்சீபும் அப்படித்தான். 23 வருஷம் கழித்து வந்த புத்தகம் ஒரு நாள் சந்தோஷம். புதிதாக ஒரு பாட்டு அகப்பட்ட ராத்திரிகள் எத்தனை இருந்திருக்கும்!

இதைச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்: "நீங்கள்? நீங்கள் சந்தோஷமாக இருந்தீர்களா?"

சரித்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவனை இப்படித் திடீரென்று சாட்சிக் கூண்டில் ஏற்றினால் என்ன செய்வது! உண்மையைச் சொன்னேன். பேர் வர வேண்டும் என்று எழுதிய வருஷங்களில் பேர் வந்தது, தூக்கம் வரவில்லை. யார் படிப்பார்கள் என்ற நினைப்பே இல்லாமல், ஒரு வாக்கியம் சரியாக விழவில்லை என்று விடியும் வரை அடித்து அடித்து எழுதிய சில இரவுகள் உண்டு. சந்தோஷம் என்று நினைத்தால் அவைதாம் நினைவுக்கு வருகின்றன. இன்னும் ஒன்றும் சொன்னேன். என் தகப்பனார் நாற்பது வருஷம் கணக்கு எழுதினார். எங்களைப் படிக்க வைத்தார். அந்தக் கணக்குப் புத்தகங்களுக்கு முன்னால் அவர் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தாரா, வேறு ஏதாவது ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டாரா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எங்கள் காலத்தில் அப்பாவிடம் அப்படிக் கேட்கும் வழக்கம் இல்லை. லட்சியம் இருந்த தலைமுறை என்று எங்களைச் சொல்கிறாயே, எங்களில் பாதிப் பேர் கேட்காமலே இருந்துவிட்டவர்கள். உனக்குக் கேட்கத் தெரிகிறது. அது குறை அல்ல.

மேலே இருந்து "அரோகரா" என்ற குரல் வந்தது. எங்களைத் தாண்டி ஒரு பஜனைக் கோஷ்டி அடுத்த படிக்கு ஏறியது. கோஷ்டியின் கடைசியில் ஒரு பாட்டி, தட்டில் கற்பூரமும் குங்குமமுமாக வந்தாள். குனிந்து கற்பூரம் வைக்க அவளால் முடியவில்லை, முழங்கால் மடங்கவில்லை. அவள் பேச்சில் பாதி தெலுங்கு, பாதி தமிழ். "பாபு, கொஞ்சம் இதை வையேன்" என்று என் பேரனிடம் தட்டை நீட்டினாள். அவன் என்னைப் பார்த்தான்.

"போ, நான் இங்கேயே இருக்கிறேன்" என்றேன்.

அந்தப் படியில் கற்பூரம் ஏற்றிவிட்டுத் திரும்பி வருவான் என்று நினைத்தேன். வரவில்லை. அடுத்த படியில் அவன் முதுகு தெரிந்தது. அதற்கடுத்த படியிலும் தெரிந்தது. பிறகு கூட்டத்தில் மறைந்துவிட்டான். பாட்டு மட்டும் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பனிரண்டு மணி அடித்தபோது ஊரில் எங்கோ வெடி வெடித்தார்கள்.

பேரன் இறங்கி வந்தபோது விரல்களெல்லாம் மஞ்சளும் கரியுமாக இருந்தன. "மன்னிச்சுக்கோங்க தாத்தா. மீதிப் படிக்கெல்லாம் என்னையே ஏற்றச் சொல்லிவிட்டார்கள் அந்தப் பாட்டி" என்றான்.

வேலையை விடப் போகிறானா, இல்லையா என்று நான் கேட்கவில்லை. அவனுக்குப் பசிக்கிறது என்றான். சந்நிதிக்கு இன்னும் நூற்றுச் சொச்சம் படிகள் இருந்தன. "முதலில் தரிசனம், பிறகு இட்டிலி" என்று சொல்லி அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.